25 கன்று உணவுக்காடு தொகுப்பு: 5 சென்ட்டுக்கு வாங்கலாமா?

"5 சென்ட்டில் உணவுக்காடு" (காடு போல அடுக்கடுக்காக உணவுச் செடிகளை வளர்க்கும் தோட்டம்) என்று அச்சிட்ட தாளோடு 25 கன்றுகளைச் சேர்த்துக் கட்டி விற்கும் தொகுப்புகள் இப்போது பல நர்சரிகளில் கிடைக்கின்றன. பட்டியல் கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். பெரும்பாலும் இப்படி இருக்கும்: மா 2, கொய்யா 2, பலா, சப்போட்டா, நாவல், தென்னை, நெல்லி, எலுமிச்சை, மாதுளை, சீத்தா, அத்தி, அவகேடோ, ராம்புத்தான் தலா 1, வாழை 3, பப்பாளி 3, முருங்கை 2, கறிவேப்பிலை 2. இதை அப்படியே வாங்கி நட வேண்டாம். இதில் காசு கொடுத்து வாங்க வேண்டிய மரக்கன்றுகள் 6தான்.

முதல் குறை இடக்கணக்கு. 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி, ஏறக்குறைய 202 சதுர மீட்டர். மாவுக்கு வழக்கமான இடைவெளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். தொகுப்பில் உள்ள இரண்டு மாவும் கவாத்து (கிளை வெட்டுதல்) இல்லாமல் முழு மரமானால் அந்த 5 சென்ட்டும் அவற்றுக்கே சரியாகிவிடும். அடர்நடவாக 5 மீட்டருக்கு ஒன்று வைத்து, ஆண்டுதோறும் காய்ப்பு முடிந்ததும் தவறாமல் கவாத்து செய்தாலும் மொத்தம் 8 மரங்கள்தான் கொள்ளும். தொகுப்பிலோ மரமாகக்கூடியவை மட்டுமே 15. நட்ட இரண்டு ஆண்டுகள் தோட்டம் அழகாகத்தான் இருக்கும். மூன்றாவது ஆண்டில் கிளைகள் முட்டிக்கொள்ளும். அதன்பின் கொய்யாவும் எலுமிச்சையும் நிழலில் நீண்டு, இலை மட்டும் விட்டு நிற்கும்.

தாளில் இருக்கும் ஏழு அடுக்குப் படம் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ராபர்ட் ஹார்ட் வகுத்த முறை. அவருடைய தோட்டமே ஏறத்தாழ 12 சென்ட். அங்கே பற்றாக்குறை வெயிலுக்கு, நமக்குப் பற்றாக்குறை தண்ணீருக்கு. அந்த ஏழில் இந்தத் தொகுப்பு தருவது பெரிய மரம், சிறு மரம், புதர் என்ற மேல் மூன்றை மட்டும்தான். சிறுசெடி, கிழங்கு, தரைமூடி, கொடி எதுவுமே இல்லை. மண்ணின் ஈரத்தைக் காப்பதும் முதல் ஆண்டிலேயே சமையலறைக்கு வருவதும் அந்தக் கீழ் அடுக்குகள்தான். அவற்றை விட்டுவிட்டுக் காடு என்று பெயர் வைப்பது வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது, எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகச் சேர்த்தவை. முருங்கையைக் கவரில் வாங்கத் தேவையே இல்லை. பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 விதையை நேரடியாகக் குழியில் ஊன்றினால் ஆணிவேர் தடையில்லாமல் இறங்கும், ஆறு மாதத்தில் காய் வரும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றைக் கம்பாக ஓடிவிடும். வாழைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஈட்டி போன்ற குறுகிய இலையுள்ள பக்கக் கன்று கேட்டால் போதும். அகன்ற இலை விட்ட நீர்க்கன்று வேண்டாம். பப்பாளியில் ரகத்தின் பெயர் எழுதாமல் தருகிறார்கள். ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகமாக இருந்தால் மூன்றுமே ஆணாகப் போகக்கூடும். ரெட் லேடி போன்ற இருபால் ரகமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஒற்றை நெல்லிக்கும் இதே போன்ற சிக்கல். நெல்லிக்குத் தன் மகரந்தத்தில் காய் சரியாகப் பிடிக்காது, அருகில் வேறு ரகம் ஒன்று வேண்டும். தெருவில் வேறு நெல்லி மரம் இருந்தால் நடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தைச் சீத்தாவுக்குக் கொடுங்கள். அவகேடோ கீழ்ப்பழனி மலை, ஏற்காடு போன்ற குளிர்ந்த வடிகால் நிலத்தில் நன்றாக வரும். சமவெளிக் களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், உப்புத் தண்ணீரில் இலை நுனி கருகும். ராம்புத்தானுக்குக் கல்லாறு, பர்லியாறு பக்கத்து ஈரக்காற்று வேண்டும். உள்மாவட்டச் சமவெளியின் வறண்ட கோடையில் அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

கன்றின் தரத்திலும் ஏற்றத்தாழ்வு அதிகம். நேரில் வாங்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒட்டு இணைப்பு கவர் மண்ணிலிருந்து அரையடியாவது மேலே இருக்க வேண்டும். அங்கே சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால், இணைப்பு கூடியபின் கீறி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் தண்டு பருக்கும்போது நாடா இறுக்கி, மேல்பகுதி காற்றில் முறியும். இணைப்புக்குக் கீழே வரும் துளிர்களை உடனுக்குடன் கிள்ள வேண்டும். அவை நாட்டு வேர்ச்செடியின் துளிர்கள், விட்டால் ஒட்டை விழுங்கிவிடும். பிறகு கவரின் அடியைப் பாருங்கள். வேர் ஓட்டை வழியாகத் தரையில் இறங்கி, தூக்கும்போது அறுந்த கன்று நட்ட பத்தாம் நாளே வாடும். உள்ளே வேர் சுருண்டிருந்தால் மண்கட்டியின் பக்கவாட்டில் மூன்று, நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறிவிட்டு நடுங்கள். ஆறடி உயரக் கன்றைச் சிறிய கவரில் கண்டு மயங்க வேண்டாம், இரண்டரை அடியில் தடித்த தண்டுள்ளதே மேல். பார்சலில் வந்தவற்றை இரண்டு வாரம் நிழலில் வைத்துத் தேற்றிய பிறகே வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும்.

வாங்க வேண்டிய ஆறு: ஒட்டு மா, ஒட்டு பலா, ஒட்டு சப்போட்டா, பதியன் போட்ட லக்னோ 49 கொய்யா, எலுமிச்சை, சீத்தா. 5 மீட்டர் இடைவெளியில் இவை 150 சதுர மீட்டர் எடுக்கும். மீதி 50 வாழை, பப்பாளி, முருங்கைக்கு. கறிவேப்பிலை வேலியோரம் நிற்கும். மரங்களுக்கு இடையிலே மஞ்சள், சேனை, சேப்பங்கிழங்கு, தரையில் சர்க்கரைவள்ளி, வேலியில் கோவை, பிரண்டை. அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் ரகப் பெயரோடு, தனியாரைவிடக் குறைந்த விலையில் கன்று கிடைக்கும். நாம் கேட்ட ரகம் நாம் போகும் நாளில் இருப்பில் இல்லாமல் போவதுதான் அங்கே உள்ள சிரமம்.

மிச்சமாகும் பணத்தை மண்ணில் போடுங்கள். கிளைரிசிடியா என்ற தழையுர மரத்தின் போத்து (நடும் கிளைத்துண்டு), 4 அடி நீளத்தில் 15, மழைக்காலத்தில் வேலியோரம் ஊன்றினால் ஆண்டுக்கு மூன்று முறை வெட்டி மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பலாம். மூடாக்கு அரையடி கனம் இருக்க வேண்டும், ஓரங்குலம் போட்டுப் பயனில்லை. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், கரையானும் ஏறும். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு எரு, 1 கிலோ வேப்பம்புண்ணாக்கு. கரிசலிலோ களியிலோ ஆழக் குழி எடுத்தால் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அங்கே ஒன்றரை அடி மேடு போட்டு அதன்மேல் நடுவதே சரி.

இந்தத் தொகுப்புகளின் தாளில், நடவுக்கு முன் மண்ணை வளமாக்கும் பலதானிய விதைப்பு பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மசாலா வித்து, சணப்பை, தக்கைப்பூண்டு எல்லாம் கலந்து ஏக்கருக்கு 25 கிலோ, அதாவது 5 சென்ட்டுக்கு ஒன்றேகால் கிலோ போதும். ஆடி தொடக்கத்தில் விதைத்தால் அறுபது நாளில் பூவெடுக்கும் நேரம் வரும். அப்போது அறுத்து அங்கேயே பரப்பினால் புரட்டாசி பிறந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் கன்று நட அதுவே நல்ல நேரம். அதுவரை கன்றுக்கான பணம் கையிலேயே இருக்கட்டும்.