‘ரிங் செட் ஆகட்டும், ஓட்டிப் பாருங்கள்’ என்று சொல்லும் பட்டறைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

என் பழைய யமஹா ஆர்.எக்ஸ் 100 வண்டியின் இன்ஜினைப் பிரித்து முழு வேலை பார்ப்பதற்காக ஒரு பட்டறையில் 9,800 ரூபாய் கொடுத்தேன். பில்லில் எழுதியிருந்த வேலைகளில் முக்கியமானவை எதுவும் செய்யப்படவில்லை என்பதை நாற்பது நாள் கழித்து நானே அளந்து தெரிந்துகொண்டேன். பட்டறையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருக்கும் மற்றவர்கள் இதே வழியில் ஏமாறாமல் இருக்க, என்ன நடந்தது என்பதையும் அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் மட்டும் விரிவாகப் பதிவு செய்கிறேன்.

வண்டி 1994இல் என் தந்தையார் புதிதாக வாங்கியது. அவர் காலத்தில் 2011ஆம் ஆண்டு ஒருமுறை சிலிண்டரை ரீபோர் செய்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), மூல அளவைவிட அரை மி.மீ. பெரிய 0.50 பிஸ்டன் போட்டிருந்தார். அந்த ரசீதை ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். அந்தச் சிறு காகிதம்தான் பின்னால் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. கடந்த ஆண்டு வண்டி மேட்டில் இழுக்கவில்லை, சூடானால் ஸ்டார்ட் ஆகவில்லை என்ற நிலை வந்தபோது, டூ ஸ்ட்ரோக் வேலையில் கைதேர்ந்தவர்கள் என்று பலர் சொன்ன அந்தப் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். 0.75 அளவுக்கு ரீபோர், புதிய பிஸ்டன் கிட் (பிஸ்டனும் அதைச் சுற்றி உட்காரும் ரிங்குகளும்), கிராங்க் தண்டின் இரு பக்கமும் கசிவைத் தடுக்கும் ஆயில் சீல் இரண்டு, பேக்கிங் செட், கூலி என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். நான் ஒரு கேள்வியும் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினொரு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது கிக்கர் காலுக்கு நன்றாக எதிர்த்து நின்றது; இரண்டாவது உதையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சைலன்சரிலிருந்து அடர்ந்த நீலப் புகை வந்தது. கேட்டதற்கு, ‘புது ரிங்குங்க, கொஞ்ச நாளைக்குப் புகையத்தான் செய்யும்’ என்றார் மெக்கானிக். இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் கிக்கரைக் கையால் அழுத்தினாலே, தடுப்பு என்று எதுவும் இல்லாமல், அது மெதுவாகக் கீழே இறங்கியது. முந்தைய நாள் மாலையில் காலை எதிர்த்து நின்ற அதே கிக்கர்தான்.

அதன் பிறகு மூன்று முறை அந்தப் பட்டறைக்குப் போனேன். முதல் முறை, ‘ரிங் இன்னும் செட் ஆகலீங்க, ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, தானா ஏறிக்கும்’ என்றார்கள். இரண்டாம் முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை, சந்தையில் இப்போது கிடைக்கும் கிட்டுகள் சரியில்லை, ஜப்பான் கிட் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் மேலும் ஆறாயிரம் ஆகும் என்றார்கள். ஆர்.எக்ஸ் 100 உற்பத்தி 1996லேயே நின்றுவிட்டதால், உதிரிபாகங்களின் மேல் பழியைப் போடுவது இத்தகைய பட்டறைகளுக்கு மிக எளிது; நம்பாமல் இருக்க நமக்கும் வழி தெரிவதில்லை. புதிய ரிங் சிலிண்டரின் சுவரோடு பழகக் கொஞ்சம் ஓட்டம் தேவை என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்காகப் போர் போட்டு ஹோனிங் செய்த (ரிங் பழகுவதற்காகச் சுவரில் நுண்ணிய குறுக்குக் கோடுகள் இழைத்த) சிலிண்டர் முதல் நாளிலேயே ஓரளவு நல்ல கம்ப்ரஷன், அதாவது கிக்கரைக் காலுக்கு எதிர்த்து நிற்க வைக்கும் காற்றழுத்தம், காட்ட வேண்டும். ஓட ஓட அது கூட வேண்டுமே தவிர, ஒரே இரவில் குறையக் கூடாது. இதை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நாற்பது நாள் அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டரின் மூடியான ஹெட்டில் வால்வுகள் கிடையாது. ஆகவே பிஸ்டனுக்கு மேலே இருக்கும் காற்று தப்பிப்போக வழிகள் மிகக் குறைவு: ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே, ஹெட் உட்காரும் பேக்கிங் வழியே, ஸ்பார்க் பிளக்கின் வாஷர் வழியே. ஓட்டையோ வெடிப்போ விழுந்த பிஸ்டனை விட்டுவிட்டால் வேறு இடம் இல்லை. இதனால்தான் கம்ப்ரஷன் குறைவுக்கான காரணத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடிகிறது.

நான் முதலில் செய்தது கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்கியது. கார் மெக்கானிக் ஒருவரிடம் வாங்கிய நீண்ட குழாய் உள்ள கேஜ் 55 பி.எஸ்.ஐ. காட்டியது. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் 98 சி.சி. இன்ஜினில் அந்த நீண்ட குழாயின் உள்ளளவே எரியறையோடு சேர்ந்துகொண்டு அளவைக் குறைத்துக் காட்டிவிடும். பிறகு பிளக் துளையில் நேரடியாகத் திருகும், நுனியிலேயே வால்வு உள்ள குட்டைக் கேஜ் ஒன்றை விலைக்கு வாங்கினேன். இன்ஜினைச் சற்றே சூடாக்கி, பிளக் கேப்பை எர்த் செய்து, ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை உதைத்தேன்: 72. இந்த அளவுள்ள டூ ஸ்ட்ரோக்கில் நூறுக்கு மேல் இருப்பதுதான் ஆரோக்கியம். எழுபதுகளில் நிற்கும் இன்ஜின் ஸ்டார்ட் ஆவதே சிரமம். அடுத்து பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி டூடி (2T, டூ ஸ்ட்ரோக்) ஆயிலை விட்டு, நான்கைந்து முறை மெதுவாக உதைத்துப் பரவச் செய்து, மீண்டும் அளந்தேன். முள் 98க்கு ஏறியது. ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் ரிங்கிலோ சிலிண்டரிலோ கசிவு இருக்கிறது, ஏறவில்லை என்றால் ஹெட் பக்கம் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. ஆயிலை அதிகமாக ஊற்றினால் அது இடத்தை அடைத்துக்கொண்டு பொய்யான அளவு காட்டும் என்பதால் ஒரு கரண்டிக்கு மேல் விடக்கூடாது.

கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், வண்டியை ஒப்படைத்த மாலையில் கிக்கர் ஏன் அப்படி எதிர்த்து நின்றது, ஏன் அவ்வளவு நீலப் புகை வந்தது, ஏன் வீடு வந்து சேர்ந்ததும் எல்லாம் போய்விட்டது என்பது விளங்கியது. சிலிண்டருக்குள் ஆயிலை விட்டு உதைத்தால் தேய்ந்துபோன இன்ஜினும் சில கிலோமீட்டருக்குப் புது இன்ஜின் போல நடிக்கும். ஆயில் விட்டதை நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி எடுக்கும் நாளில் கிக்கரின் கனத்தை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

ஹெட் பக்கத்தையும் சோதித்தேன். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் ஹெட் இணைப்பைச் சுற்றித் தடவிவிட்டு உதைத்தபோது, சைலன்சர் பக்கத்து மூலையில் மட்டும் சிறு குமிழிகள் வரிசையாக எழுந்து உடைந்தன. பிறகு ஹெட்டைக் கழற்றித் தடித்த கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்தேன். அந்த மூலையில் இடைவெளியை அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு தடையின்றி உள்ளே போனது. இவ்வகை ஹெட்டுகளில் வளைவு 0.03க்குள் இருக்க வேண்டும். இதைச் சரிசெய்ய, கண்ணாடியின் மேல் எமரித் தாளை ஒட்டி, ஹெட்டை எட்டு வடிவில் தேய்த்தால் போதும். அரை மணி நேர வேலை. அதைக்கூடச் செய்யவில்லை.

ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டனின் தலை கண்ணுக்கு நேராக இருந்தது. கரியைத் துணியால் துடைத்ததும் அதில் பொறித்திருந்த எண் தெரிந்தது: 50. பில்லில் இருப்பதோ 0.75. சிலிண்டரையும் உருவி வெளியே எடுத்தேன். பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பழைய உரசல் கோடுகள் இருந்தன. அவற்றின் மேல் எமரித் தாளால் தேய்த்த தடம் புதிதாகப் பளபளத்தது. என் தந்தையார் 2011இல் போட்ட அதே பிஸ்டன். ரிங் இரண்டு மட்டும் புதியவை. சிலிண்டர் சுவரில் ஹோனிங் செய்ததற்கான குறுக்குக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. இப்படிப்பட்ட சுவரில் புதிய ரிங் ஐநூறு அல்ல, ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் பழகாது.

இதற்கு மேல் என் ஊகத்தை வைத்துப் பேசக் கூடாது என்று, சிலிண்டரைக் கோயம்புத்தூரில் போர் வேலை மட்டுமே செய்யும் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் வைத்து அளந்து, அளவுகளைச் சாக்பீஸால் மேசையிலேயே எழுதிக் காட்டினார். அடிப்பகுதியில் 50.52 மி.மீ., மேலே எக்ஸாஸ்ட் துளைக்குச் சற்று மேல் 50.62 மி.மீ. சிலிண்டரின் மேலும் கீழும் உள்ள வேறுபாடு 0.05ஐத் தாண்டினாலே போர் போட வேண்டும். இங்கே அது இரண்டு மடங்கு. புதிய ரிங்கை அந்த மேல்பகுதியில் பிஸ்டனால் தள்ளி நேராக உட்கார வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை அளந்தபோது 0.65 மி.மீ. வந்தது. இந்த இன்ஜினுக்கு இருக்க வேண்டியது ஏறத்தாழ 0.15 முதல் 0.35 வரைதான். விட்டம் 0.1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 0.31 மி.மீ. கூடும், அந்த அளவும் அப்படியே ரிங் வாயில் வந்து சேரும். தேய்ந்த சிலிண்டரில் புதிய ரிங் மட்டும் போடுவது ஏன் வீண் செலவு என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

ஆயில் சீல் கதையும் இதேதான். கிராங்க் பெட்டியில் நிகழும் கசிவைப் பிளக் துளையில் வைக்கும் கேஜ் காட்டாது என்பதால், இதில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். மேக்னட் பக்கத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, ஐடிலிங் தானாக ஏறி நிற்கும், பெட்ரோல் கலவை நீர்த்துப்போய் ஒருநாள் பிஸ்டன் இறுகிவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு, பெட்டியில் அளவு குறைந்து, வெள்ளைப் புகை வரும். மேக்னட்டைப் புல்லர் வைத்து எடுத்துப் பார்த்தபோது, உள்ளே இருந்த சீலின் உதடு நகத்தால் அழுத்தினாலும் வளையாத அளவுக்குக் கட்டையாக இறுகியிருந்தது. மாற்றியதாகப் பணம் வாங்கிய சீல் அது.

பிஸ்டனையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நான் வேறு எங்கேயோ பிரித்துப் பொருளை மாற்றிவிட்டேன் என்று சொன்னார்கள். தந்தையாரின் பழைய ரசீதைக் காட்டியதும் பேச்சு நின்றது, ஆனால் பணம் வரவில்லை. அவர்கள் கொடுத்தது முத்திரையோ கையெழுத்தோ இல்லாத வெள்ளைத் தாள். இருந்தாலும், பணத்தை யு.பி.ஐ. மூலம் அனுப்பிய பதிவு இருப்பதால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

வண்டியை விடும் முன் கம்ப்ரஷன் அளவை மெக்கானிக் முன்னாலேயே எடுத்து எழுதி வாங்குங்கள். இன்ஜினைப் பிரிக்கும்போது உடன் இருந்து பிஸ்டன் தலையில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் அடிவிளிம்பில், பேக்கிங் உட்காராத இடத்தில், ஒரு சிறு பஞ்ச் குறி போட்டால் சிலிண்டரையே மாற்றிவிடும் ஆபத்தும் இல்லை. கழற்றிய பழைய பிஸ்டன், ரிங், சீல் அனைத்தையும் திருப்பிக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வேலையே கொடுக்க வேண்டாம். போர் போடும் லேத்துக்கு முடிந்தால் நீங்களே எடுத்துச் செல்லுங்கள். கோவைப் பெரியவர் கிட்டைக் கையில் வாங்கும் வரை சிலிண்டரைத் தொடவே இல்லை. ‘ஆளை அளக்காம சட்டை தைக்க முடியுங்களா? பிஸ்டனை அளந்துதாங்க போர் போடணும்’ என்றார்.

அவர் 0.75க்குப் போர் போட்டு, ஹோனிங் செய்து, துளைகளின் விளிம்புகளில் ரிங் சிக்காதபடி கூர்மையை எடுத்துக் கொடுத்தார். ரிங் வாய்களைப் பள்ளத்தில் உள்ள பின்னுக்கு நேராக வைத்து, பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சரைப் பார்க்கும்படி நானும் ஒரு நண்பரும் மாட்டினோம். முதல் நாள் 105 காட்டிய கேஜ், எண்ணூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு 118 காட்டுகிறது. அந்தக் குட்டைக் கேஜ் என்னிடம்தான் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் பட்டறைக்கு வண்டியை விடும் முன்பும் எடுத்த பின்பும் அளந்து பார்க்க விரும்பினால், கருத்தில் எழுதிக் கேளுங்கள், தருகிறேன்.