‘ஃப்ளெக்ஸ்’ நிப்புப் பேனா வாங்குமுன் இதைப் படியுங்கள்: 18,500 ரூபாய் போனது எனக்கு

நேற்று இரவு பதினோரு மணிக்கு அதே வீடியோவை மறுபடி பார்த்தேன். அதே கை, அதே பச்சைக்கல் மோதிரம், அதே மர மேசை. ‘புதிதாக வந்த பேனா’ என்று எனக்குப் பேனா விற்றவர் போட்டிருக்கிறார். விலை 21,000. என் தலையில் 18,500-க்குக் கட்டியபோதும் இதே வீடியோதான். அதற்கப்புறம் தூக்கம் எங்கே வரும்? பள்ளிக்குக் கிளம்புவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பேனா வாங்குகிறவர்களுக்கும், வாங்கிப் பராமரிக்கிறவர்களுக்கும் கடைசியில் விரிவாக ஆலோசனை சொல்கிறேன்.

பெயர் போடப்போவதில்லை. பழைய பொருள்களைத் தனியாட்கள் விற்கிற செயலி ஒன்று. அதில் பழைய பேனா மட்டுமே விற்கிற ஒருவர். பேனா விஷயத்தில் புழங்குகிறவர்களுக்கு இது போதும்.

நான் குன்னூரில் அறிவியல் ஆசிரியை. கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்பதால் ஆண்டு விழாச் சான்றிதழ் முழுக்க என் மேசைக்குத்தான் வரும். அக்கம்பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை உறைகளும் அப்படியே. இதுவரை தொட்டு எழுதும் நிப்பை ஒரு கட்டையில் செருகித்தான் எழுதிவந்தேன். நான்கு எழுத்துக்கு ஒருமுறை மைக்கூட்டில் முக்க வேண்டும். எங்கள் ஊர் பனிமூட்டத்தில் துடைக்காமல் ஒரு ராத்திரி வைத்தால் மறுநாள் துரு. மலிவான எஃகு நிப்பு, போனால் இன்னொன்று.

இதற்கு மாற்றாகத்தான் ஃப்ளெக்ஸ் நிப்புப் பேனாவுக்கு ஆசைப்பட்டேன். தெரியாதவர்களுக்கு: நிப்பு நடுவில் பிளந்து இரண்டு கால்களாக இருக்கும் அல்லவா, அந்தக் கால்கள் அழுத்தும்போது விரிந்து, விட்டதும் பழையபடி சேர்ந்துகொள்ள வேண்டும். விரிந்தால் தடித்த கோடு, சேர்ந்தால் மெல்லிய கோடு. ‘ட’ எழுதினால் இறங்குகிற கோடு கனமாக விழும், படுக்கைக் கோடு இழை மாதிரி ஓடும். எல்லா நிப்பும் இப்படி வளையாது. 1920-களில் வந்த 14 கேரட் தங்க நிப்புகள் சிலவற்றில் இந்தக் குணம் பிரமாதமாக இருக்கும், அதனால்தான் பழைய பேனாவுக்கு இந்த விலை.

என் சீட்டு அக்டோபரில் எடுத்தேன். இருபதாயிரம் சீட்டு, தள்ளுப் போகக் கைக்கு வந்தது 18,500. பேனாவின் விலையும் 18,500. அப்போது அதை நல்ல சகுனம் என்று நினைத்தேன் பாருங்கள். (வீட்டில் பேனா நாலாயிரம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இதையெல்லாம் படிக்கமாட்டார்.)

எப்படி ஏமாந்தேன் என்றால், அந்த ஆள் பேனாவைப் பற்றிப் பேசியதில் ஏமாந்தேன். நாற்பது நிமிடம் போனில் பேசினார். பேனா வாட்டர்மேன் 52 என்ற பழைய மாடல். “அக்கா, அந்த நம்பருக்கு அர்த்தம் இருக்கு. அஞ்சுன்னா லீவர் வச்சு மை நிரப்புறது. ரெண்டுன்னா நிப்போட சைஸ்.” இது சரி. “கறுப்பு எபோனைட் உடம்பு, அதாவது கெட்டி ரப்பர். சுடுதண்ணி காட்டிராதீங்க, வெயில்ல வைக்காதீங்க, பழுப்பாயிடும்.” இதுவும் சரி. “டிராயிங் மை ஊத்தவே கூடாது, அதுல அரக்கு இருக்கும், காஞ்சா நிப்புக்கு அடியில மை வர்ற கட்டையில அடைச்சுக்கும். சாதா கேமல், பிரில் போதும்.” சரி. “மேல ஏறுற கோட்டுல அழுத்தவே கூடாது, இறங்கும்போது மட்டும்.” சரி, சரி, எல்லாமே சரி. இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் குறை சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல். இவ்வளவு தெரிந்த ஆள் பொருளில் ஏமாற்றுவாரா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் வீடியோ அனுப்பினார். நிப்பு அப்படி விரிந்து அப்படிச் சேர்ந்தது. எட்டு எட்டாகச் சுழித்துக்கொண்டே போனார், ஓரிடத்தில்கூட மை அறுபடவில்லை.

நான் முழு முட்டாளில்லை. “இதே பேனாவால என் பேரை எழுதிக் காட்டுங்க தம்பி” என்று கேட்டேன். உடனே பதில்: “கழுவி, காயவச்சு, பேக் பண்ணிட்டேன்கா. மறுபடி மை போட்டா உங்களுக்குத்தான் அழுக்கா வரும்.” நான் இன்னும் பணமே கட்டவில்லை, அதற்குள் பேக் செய்துவிட்டாராம்! அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எவ்வளவு அக்கறையான பையன் என்று நினைத்து 18,500 ரூபாயை அனுப்பினேன். அக்டோபர் 28, சாயங்காலம் ஆறேகால்.

பேனா கைக்கு வந்தது நவம்பர் 6. மழையில் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த வாரம். ஆனால் செயலியில் 3-ஆம் தேதியே ‘டெலிவர்டு’ என்று போட்டிருந்தது. பார்சல் அன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மை நிரப்பி முதல் கோடு போட்டேன். இரண்டு கோடு வந்தது. நடுவில் வெறும் காகிதம், இரு பக்கமும் மெல்லிய கோடு. பேனாக்காரர்கள் இதை ‘ரயில்ரோடிங்’ என்பார்கள், தண்டவாளம் மாதிரி இருப்பதால். எங்கள் மலை ரயிலுக்காவது கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் இருக்கிறது, இதற்கு நடுவில் ஒன்றுமில்லை. நல்ல நிப்பிலும் ரொம்ப விரித்தால், அல்லது வேகமாக இழுத்தால், மை ஈடுகொடுக்காமல் இப்படி ஆகும். ஆனால் நான் அழுத்தவே இல்லை. உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தேன். நிப்பின் இரண்டு கால்களும் சும்மா இருக்கும்போதே பிரிந்து நின்றன. யாரோ எப்போதோ அளவுக்கு மீறி அழுத்தி, நிப்பு தன் வளைவை இழந்துவிட்டிருக்கிறது. அதன்பின் அது தானாகத் திரும்பாது. அப்படியே விட்டால் மை இடைவெளியைத் தாண்டி நுனிக்கு வராது.

பத்து நிமிடத்தில் மூடிக்குள் மை கக்கியது. கழுத்தைக் கழற்றிப் பார்த்தால், மை தங்குகிற, ‘புதிதாக மாற்றிய’ ரப்பர் பையை அரக்குக் கரைசலில் ஒட்டாமல், உடனடிப் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. அரக்கு என்றால் அடுத்த முறை பை மாற்றும்போது இளக்கி எடுக்கலாம். இதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டினால் நூறு வருஷத்து எபோனைட் விரிசல் விடும்.

அப்போதுதான் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வீடியோவில் இருக்கும் நிப்பின் நடுத்துளை இதயவடிவம். என் கையில் இருப்பது வட்டத் துளை. பேனாவே வேறு. அல்லது நிப்பு வேறு. எதுவானால் என்ன, 18,500 கொடுத்தது இதயத்துக்கு, வந்தது வட்டம்.

எங்கள் ஆய்வகத்தில் சட்டக்காந்தம் உண்டு. நிப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பின்வரிசைப் பையன் ஒருவன் “மிஸ், தங்கம் காந்தத்துல ஒட்டாதே?” என்றான். என்னத்தைச் சொல்ல!

இனி நான் அனுப்பிய செய்திகளும் வந்த பதில்களும்.

முதல் நாள்: “அக்கா, பழைய நிப்பு, நாலு நாள் எழுதுங்க, கைக்கு செட் ஆயிடும்.”

மூன்றாம் நாள்: “நீங்க மலையில இருக்கீங்கல்லக்கா, அங்க காத்தழுத்தம் கம்மி. அதான் நிப்பு விரிஞ்சிருக்கும்.”

யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! பாதி மை இருக்கும் பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினால் மை கக்கும், அது உண்மை. வெளியே அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். அதனால்தான் மலை ஏறும்போது முழுக்க நிரப்பியோ காலியாகவோ, நிப்பு மேலே பார்க்க வைத்துக் கொண்டுவர வேண்டும். இந்தப் பேனா காய்ந்துபோய்க் கூரியரில் வந்தது. உலோக நிப்பைக் காற்றழுத்தம் விரித்துவிடும் என்றால் குன்னூரில் ஒரு கதவுக் கீலும் மிஞ்சாது.

ஐந்தாம் நாள்: “நீங்கதான் அழுத்தி எழுதிட்டீங்க மேடம்.” அக்கா மேடமாகிவிட்டாள், கவனித்தீர்களா?

காந்தத்தைப் பற்றிச் சொன்னதும், “14 கேரட்டுல மீதி இரும்புதான் மேடம் கலப்பாங்க” என்றார். 14 கேரட்டில் தங்கம் 58.5 சதவீதம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். ஆனாலும் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் பஜாரில் நகை ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், ஒரு சொட்டு அமிலம் விட்டார். மஞ்சள் கோடு இருந்த இடம் தெரியவில்லை. “முலாம் டீச்சர். உள்ள வெறும் எஃகு. எவ்வளவுக்கு வாங்கினீங்க?” என்றார். நான் சொல்லவில்லை. காசு கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. 18,500 வாங்கியவனை நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

இதையும் எழுதி அனுப்பினேன். கடைசிப் பதில்: “பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது.” அதன்பின் என் செய்திக்கு ஒற்றை டிக் மட்டும்தான்.

செயலிக்காரர்கள் இவருக்கு அண்ணன்கள். மூன்று நாள் இயந்திரப் பதில், ‘உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்’. நான்காம் நாள் ஒரு பெண் பேசினாள். “புரியுது மேம்” என்று ஏழு தடவை சொன்னாள், எண்ணிக்கொண்டிருந்தேன். புகார் செய்ய டெலிவரியிலிருந்து 48 மணி நேரம்தான் கெடுவாம். டெலிவரி 3-ஆம் தேதியாம். “அன்னிக்குப் பார்சல் மேட்டுப்பாளையத்துல இருந்துச்சும்மா, மலை ஏறவே இல்ல” என்றேன். “சிஸ்டத்துல அப்படித்தான் மேம் காட்டுது.” அதற்கு மேல், மை போட்டுப் பயன்படுத்திவிட்ட பொருளாம். மை போடாமல் பேனா நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, முகர்ந்து பார்த்தா? புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். பக்கத்தில் ஐந்து நட்சத்திரம், மதிப்பெண் கொடுக்கச் சொல்லி.

18,500 ரூபாய். இருபது மாதச் சீட்டு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் பதிவு செய்திருக்கிறேன். இணைய விற்பனைத் தளம் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் வருட விதியே இருக்கிறதாம். மூடிவிடுவதும் தீர்ப்பதும் ஒன்றா என்பதுதான் என் கேள்வி. பார்க்கலாம்.

சரி, ஆலோசனை என்றேன். மணி ஏழரை ஆகிவிட்டது, எட்டேகாலுக்குப் பஸ், சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டுமுன் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் அதே பேனாவால் எழுதச் சொல்லி வீடியோ கேளுங்கள், சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். நிப்பின் துளை, அதிலுள்ள எழுத்து இரண்டையும் கிட்டப்படம் கேளுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், சிரிப்பாக இருந்தாலும் எடுங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதானால் நிப்பை மட்டும் வையுங்கள், கிளிப்போ லீவரோ எஃகாக இருந்தால் குழப்பிவிடும். நல்ல பேனா அமைந்தவர்கள் வாரம் ஒருமுறை பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், மையோடு மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். மழைக்காலத்தில் நம் ஊர்க் காகிதம் ஈரம் குடித்து மையைப் பரப்பும், அதற்காக நிப்பைத் திட்டவேண்டாம். நிப்பு எவ்வளவு விரிகிறது என்று ‘சும்மா பார்ப்பதற்காக’ அழுத்தவே அழுத்தாதீர்கள், கெட்டுப்போக ஒரு தடவை போதும்.

இன்னும் எழுத நினைத்தேன், குக்கர் கத்துகிறது.

ஒன்றே ஒன்று. அந்தப் பச்சைக்கல் மோதிர வீடியோவைப் பார்த்து ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு வந்த நிப்பின் துளை இதயமா வட்டமா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.