ஒலிக்காத போனுக்கு 50 டாலர்: இன்டர்நெட் போனுக்குப் பணம் கட்டப்போறவங்க படிங்க

நேத்து ராத்திரி படுக்கப்போறப்போ என் கணக்குல 20.34 டாலர் இருந்தது. காலையில பார்த்தா 0.00. நடுவுல நான் ஒரு கால்கூடப் பேசலை. "60 நாள் முடிந்ததால் மீதித் தொகை காலாவதியானது"ன்னு ஒத்தை வரி மெயில் மட்டும் வந்து கிடக்கு. நான் கட்டினது முழுசா 50 டாலர். கோபம் ஆறினா சோம்பேறித்தனத்துல விட்டுடுவேன், அதான் இப்பவே எழுதறேன். இதுல என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

கம்பெனி பேரெல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டர்ல ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உலகத்துல எந்த லேண்ட்லைனுக்கும் பேசலாம், முன்பணம் கட்டினா போதும்னு கூவற சர்வீஸ்கள்ல ஒண்ணு.

நான் இதுக்குப் புதுசும் இல்லை. 1995ல வோக்கல்டெக்ங்கிற கம்பெனியோட இன்டர்நெட் போன் சாஃப்ட்வேர் வந்த காலத்துலேர்ந்து இதோட மல்லுக்கட்டறவன். அப்போ ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டர் வேணும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆன்லைன்ல உட்கார்ந்திருக்கணும். அப்போ இருந்த சவுண்ட் கார்டுல வாக்கி-டாக்கி மாதிரி ஒருத்தர் முடிச்சப்புறம்தான் இன்னொருத்தர் பேச முடியும். அம்மாவுக்கு அதெல்லாம் சரிப்படுமா? நேரா அவங்க போனுக்கே மணி அடிக்கும்னு இந்தக் கம்பெனி சொன்னதும் எனக்கு ஆசை வந்துடுச்சு.

மாட்டினது எங்கேன்னா, சோதிச்சுப் பார்க்க அவங்க குடுத்த 5 நிமிஷ இலவசக் கால்ல. அம்மா முதல் மணியிலேயே எடுத்தாங்க. "பக்கத்து ரூம்லேர்ந்து பேசற மாதிரி இருக்குடா"ன்னாங்க. அவங்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ற சத்தம்கூடக் கேட்டுது. கால் முடிஞ்சதும் திரையில பணம் கட்ட 10, 25, 50 டாலர்னு மூணு பட்டன். நிமிஷத்துக்கு 8 சென்ட், கணக்குப் போட்டா பத்து மணி நேரத்துக்கு மேல வருது. யோசிக்கவே இல்லை, ஹெட்செட்டைக் கழட்டறதுக்குள்ள 50ஐ அழுத்தி கார்டு நம்பரைத் தட்டிட்டேன்.

மறுநாளே ஆரம்பிச்சுது. மணி அடிக்குது, அடிக்குது, யாரும் எடுக்கலை. ஆனா திரையில நிமிஷக் கணக்கு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. பயந்துபோய் சாதாரண போன்ல அடிச்சேன். அம்மா உடனே எடுத்தாங்க. "போன் எங்கடா அடிச்சுது? காலையிலேர்ந்து அது பக்கத்துலயேதானே உட்கார்ந்திருக்கேன்"னாங்க. இப்படி 31 கால்ல 17 அந்தப் பக்கம் ஒலிக்கவே இல்லை. ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 3 நிமிஷக் காசு, அது போக 'இணைப்புக் கட்டணம்'னு 50 சென்ட். விளம்பரத்துல 8 சென்ட் கொட்டை எழுத்துல இருந்தது, இந்த 50 சென்ட் எங்கே இருந்ததுன்னு கேட்காதீங்க. கிடைச்ச 14 காலும் கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி. நான் சொன்னதே எனக்குத் திரும்பிக் கேட்குது.

டெலிகாம்ல வேலை பார்க்கிற நண்பன்கிட்ட சொன்னேன். சிரிச்சான். இதுக்குப் பேரே இருக்காம், 'ஃபால்ஸ் ஆன்சர் சூப்பர்விஷன்', அதாவது எடுக்காத போனை எடுத்ததா பொய் சிக்னல் குடுக்கறது. நம்ம குரல் இன்டர்நெட் வழியா போய், அந்த ஊர்ல இருக்கிற 'கேட்வே'ங்கிற, இன்டர்நெட்டையும் டெலிபோனையும் இணைக்கிற பெட்டியிலேர்ந்து சாதாரண டெலிபோன் லைன்ல இறங்கணும். அந்தக் கடைசித் துண்டை இந்தக் கம்பெனிங்க மொத்த வியாபாரிங்ககிட்ட வாங்குது. மலிவா விக்கற சில பேர் காலை எங்கேயும் அனுப்பாமலே பொய் மணியை ஒலிக்க விட்டு, 'எடுத்தாச்சு'ன்னு சிக்னல் குடுத்து காசு பார்க்கிறாங்க. இலவசக் காலை மட்டும் நல்ல ரூட்ல அனுப்பியிருப்பாங்கன்னு அவன் சொல்றான். எனக்கும் அப்படித்தான் தோணுது.

சோதிச்சுப் பார்க்கலாம்னு என் வீட்டு நம்பருக்கே அடிச்சேன். இன்டர்நெட்டுக்கு மோடம் ஓடிக்கிட்டிருக்கறதே அந்த லைன்லதான், அது ஓடற வரைக்கும் போன் எங்கேஜ்டு. கால் வெயிட்டிங்கும் கிடையாது. எங்கேஜ்டு டோனைத் தவிர வேற எதுவும் வர வழியே இல்லை. ஆனா ஹெட்செட்ல அழகா 'ட்ரிங் ட்ரிங்', நிமிஷக் கணக்கு 0:01, 0:02, 0:03...

திரையைப் படம் பிடிச்சு கம்பெனிக்கு அனுப்பினேன். நாலு நாள் கழிச்சுப் பதில்: "தங்கள் மோடம் வேகம் போதாது." எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம்! ஜி.723.1 கோடெக்னு, அதாவது குரலைச் சுருக்கி அனுப்பற முறைன்னு, அவங்க வெப் பக்கத்துலயே போட்டிருக்காங்க. 6.3 கேபிபிஎஸ் (செகண்டுக்கு இத்தனை ஆயிரம் பிட்). 30 மில்லிசெகண்டுக்கு ஒரு 24 பைட் துண்டு, அதுமேல எங்கே போகணும்ங்கிற முகவரி மாதிரி 40 பைட் தலைப்பு, மொத்தமா 17 கேபிபிஎஸ் சொச்சம். என் 56கே மோடம் என் பக்கத்துலேர்ந்து 33.6 கேபிபிஎஸ் வரைக்கும் அனுப்பும், தாராளமா போதும். சரி, மோடம்தான் நொண்டின்னே வெச்சுக்குவோம், நொண்டி மோடம் பொய் மணி அடிக்குமா? அதையும் எழுதிக் கேட்டேன். "சவுண்ட் கார்டு ட்ரைவரைப் புதுப்பிக்கவும்." அப்புறம் ஃபயர்வால்னு கம்ப்யூட்டரோட காவல் சாஃப்ட்வேர் மேல பழி. அப்புறம் சாட்ல ஒருத்தர், "உங்க புகாரை மேலதிகாரிக்கு அனுப்பிட்டேன், 10 வேலை நாள்"னு. இப்படி இழுத்து இழுத்து 60 நாளையும் ஓட்டிட்டு, காலையில கணக்கைத் துடைச்சுட்டாங்க. பணத்தைத் திருப்பிக் கேட்டா "கணக்கில் இருப்பு இல்லை"ங்கிறாங்க. இருந்ததை எடுத்தது யாரு? 50 டாலர்ல அம்மாகிட்ட உருப்படியா பேசினது அந்த முதல் 5 நிமிஷம்தான், அதுவும் ஓசியில.

விவரமா சொல்றேன்னேன், கை நடுங்குது, சுருக்கமா வெச்சுக்குங்க. முதல்ல இருக்கறதுலயே சின்னத் தொகையைப் போடுங்க. முதல் காலை எங்கேஜ்டா இருக்கிற உங்க சொந்த நம்பருக்கே அடிங்க. மணி அடிச்சா ஓடிடுங்க. காலாவதி, இணைப்புக் கட்டணம் ரெண்டையும் தேடிப் படிங்க. கார்டு பாங்க்குக்கு முதல் வாரமே புகார் குடுங்க, என்னை மாதிரி பதிலுக்காகக் காத்திருக்காதீங்க.

இதை அனுப்பிட்டு மோடத்தைக் கழட்டணும். காலையிலேர்ந்து லைன் எங்கேஜ்டாவே இருக்கேன்னு அம்மா கவலைப்பட்டுக்கிட்டிருப்பாங்க.