"ரிசர்ச் சொல்லுது"ன்னு சொல்லி 34,000 புடுங்கிட்டாங்க

தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை பக்கம் இருக்கறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. பல் டாக்டர்கிட்ட போனா என்னென்ன கேக்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

எங்க ஏரியால புதுசா தொறந்த ஏசி பல் கிளினிக். பேர் போடல. என் பொண்ணுக்கு 19 வயசு, பல்லு க்ளீன் பண்ணத்தான் கூட்டிட்டு போனேன், வலி கிலி ஒண்ணும் கெடையாது. டாக்டர் ஓபிஜின்னு மொத்த பல்லும் தெரியற எக்ஸ்ரே எடுத்துட்டு, கீழ கடைசில இருக்கற ரெண்டு கடவாப்பல்லும், அதான் ஞானப்பல்லும் படுத்துருக்கு, இப்பவே எடுக்கலன்னா முன்பல்லையெல்லாம் தள்ளி கோணலாக்கிடும்னாரு. வீட்ல கேட்டுட்டு வரேன்னேன். உடனே லேப்டாப்ப என் பக்கம் திருப்பி ஏதோ இங்கிலீஷ் கிராஃப காமிச்சு, "நான் சொல்லலம்மா, ரிசர்ச் சொல்லுது"ன்னாரு. அங்கதான் விழுந்தேன். படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணி சொன்னது தப்பா இருக்குமான்னு அவ காலேஜ் பீஸுக்கு சீட்டு எடுத்து வச்சிருந்த 34,000த்த அப்பவே ஜிபேல அனுப்பிட்டேன்.

பல்ல எடுத்து இன்னியோட பன்னெண்டு நாள். இடது பக்கம் கீழுதடு மரத்தே கெடக்கு, சோத்துப் பருக்கை ஒட்டிருந்தா கூட அவளுக்கு தெரியல, நான்தான் தொடச்சு விடறேன். போன் பண்ணா "தானா சரியாயிடும்க்கா", நேர்ல போனா "டாக்டர் வேற பிராஞ்ச்ல இருக்காரு", மூணாவது தடவ "நீங்கதானே கையெழுத்து போட்டீங்க". சரி, அந்த ரிசர்ச்சையாவது குடுங்கன்னா "அதெல்லாம் உங்களுக்கு புரியாது"ங்கறாங்க. 34,000 வாங்கும்போது மட்டும் புரிஞ்சுதா?

என் நாத்தனார் பையன் பிடிஎஸ், அதான் பல் டாக்டருக்கு படிக்கறான், அவன்தான் தேடி எடுத்து தமிழ்ல சொன்னான். இங்கிலாந்துல எந்த வைத்தியம் எப்ப பண்ணணும்னு வழி சொல்ற நைஸ்னு ஒரு அமைப்பு 2000லயே நோயில்லாத ஞானப்பல்ல சும்மா எடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சாம். காக்ரேன்னு உலகத்துல வந்த ஆய்வெல்லாம் சேத்து அலசறவங்க 2020ல பாத்தப்பவும் தொல்லை குடுக்காத பல்ல எடுக்கறது நல்லதா, விடறது நல்லதான்னு முடிவு பண்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னுதான் எழுதிருக்காங்க. வீக்கம், சீழ், சொத்தைன்னா எடுத்துத்தான் ஆகணும், அது வேற. அந்த பல்லுக்கு கீழயே உதட்டுக்கு போற நரம்பு ஓடுதாம், முக்காவாசி பேருக்கு மெதுவா உணர்ச்சி வந்துடும்னான், ஆனா இத பல்லு எடுக்கறதுக்கு முன்னாடில்ல ஒருத்தர் வாயத்தொறந்து சொல்லிருக்கணும்.

போன அன்னிக்கே பணம் கட்டாதீங்க. எக்ஸ்ரேவ கையில வாங்கிட்டு வந்துடுங்க. எந்த ரிசர்ச், எந்த வருஷம்னு எழுதி கேளுங்க, எடுக்காம விட்டா என்ன ஆகும்னும் கேளுங்க. கோட்டை ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல கவர்மென்ட் பல் ஆஸ்பத்திரி இருக்கு, அங்க ஒருவாட்டி காட்டுங்க. நாங்களும் காலைல அங்கதான் போறோம், 34,000 பில்லையும் எடுத்து வச்சிருக்கேன்.