கோத்தகிரி வீடு: அட்வான்ஸ் ஆயிரம், கம்பளி சுமார்

2020 மார்ச்சில் வேறொரு ஊர் ரிசார்ட்டுக்கு முழுப் பணமும் கட்டியிருந்தோம். ஊரடங்கு வந்தது. பணத்துக்குப் பதில் ஆறு மாதக் கூப்பன் அனுப்பினார்கள். அந்த ஆறு மாதமும் நாங்கள் வீட்டு கேட்டைத் தாண்டவில்லை. அப்புறம் எங்காவது போகலாமா என்று பேச்செடுத்தாலே, கொரோனாவைவிட அந்தக் கூப்பன்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

அதனால் 2021 ஜனவரியில் கோத்தகிரியில் தங்க இந்த வீட்டைப் பிடித்தபோது சானிடைசர் பற்றியெல்லாம் நான் கேட்கவில்லை. "கிளம்புற அன்னைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல்னா என்னங்க பண்றது?" என்றுதான் கேட்டேன்.

"காய்ச்சலோட யாருங்க மலை ஏறுவாங்க? போன் பண்ணுங்க, அட்வான்ஸைத் திருப்பிப் போட்டுடறேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. அட்வான்ஸே ஆயிரம் ரூபாய்தான். சர்க்கரை உள்ள 71 வயது அம்மாவோடு திருப்பூரிலிருந்து கிளம்ப எனக்கு அது போதும். பணம் போய்விடும் என்றால் பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வந்து படுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு முந்தி அந்தக் கட்டிலில் படுத்தவர் அப்படி வந்திருக்க மாட்டார் என்று ஒரு தெம்பு.

அப்போது நீலகிரிக்குப் போக இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) வேண்டியிருந்தது. குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பாஸைப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டு வாசலில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நெற்றியில் வைத்தார்கள். குளிரில் அது 34.2 காட்டியது. அப்படிப் பார்த்தால் நான் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய ஆள்! வீட்டுக்கார அம்மாவும் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினார். அதைவிட, ஒருவர் காலி செய்தால் அறையை ஒரு நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டார்களே, அதைத்தான் நான் நம்பினேன்.

வந்ததும் டீக்குப் பதில் கபசுரக் குடிநீர். என் அம்மா இரண்டாம் டம்ளர் கேட்டார். பையன் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டான். சாப்பாடு தூக்குப்போசியில் வாசல் திண்ணைக்கு வந்தது. ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் அருமை.

குறை கம்பளிதான். தினமும் கிருமிநாசினி அடித்தார்கள், வெயில் இல்லாததால் காயவே இல்லை. இரவு முழுக்க பினாயில் வாடை, ஈரம். வெந்நீரும் ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கவில்லை.

அப்போது வாடகை ஒரு நாளைக்கு 2,800 ரூபாய். போகிறவர்கள் ஆளுக்கொரு போர்வை கொண்டுபோங்கள்.