துடைப்பம் நன்றாகவே பெருக்குகிறது: ஆட்வ்கிளீனர் பற்றி ஒரு மதிப்பீடு

உறவினர் ஒருவரின் மடிக்கணினி என் கைக்கு வந்தபோது, அதில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அந்தத் தளத்துக்குச் சொந்தமில்லாத விளம்பரங்கள் அதன் மேல் ஒட்டிக்கொண்டு நின்றன. தேடல் பெட்டியில் எதைத் தட்டினாலும் கேள்விப்பட்டிராத ஒரு தேடுபொறி பதில் சொன்னது, திரையின் கீழ்மூலையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது’ என்ற எச்சரிக்கை எழுந்தது. கணினியில் இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருளோ எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நிலையில் நான் முதலில் எடுப்பது, விளம்பர மென்பொருள்களைத் தேடி அகற்றும் ஆட்வ்கிளீனர் என்ற சிறு கருவியைத்தான். அது எதைச் செய்கிறது, எதை நம் கையில் விட்டுவிடுகிறது என்பதை, அந்த மடிக்கணினியைச் சரிசெய்த சூட்டோடு எழுதிவைக்கிறேன்.

ஆட்வ்கிளீனர் 2011இல் பிரான்சைச் சேர்ந்த நிரலாளர்களின் தனி முயற்சியாகப் பிறந்தது. 2016 அக்டோபரில் மால்வேர்பைட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது, இலவசமாகக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. விண்டோஸ் கணினிகளுக்கு மட்டுமே உரிய இக்கருவியை நிறுவ வேண்டியதில்லை. ஒற்றைக் கோப்பைப் பதிவிறக்கி, நிர்வாகி அனுமதியுடன் இயக்கினால் போதும். பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பதும் இல்லை, தன் விருப்பத்துக்குத் தொடங்குவதும் இல்லை. வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். கணினியைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு தாமே ஒரு தொல்லையாக மாறிவிடும் மென்பொருள்கள் மலிந்த இந்தத் துறையில், வந்த வேலையை முடித்துவிட்டு எழுந்து போகும் இந்தப் பண்பையே இதன் முதல் தகுதியாக நான் மதிக்கிறேன்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஏன் வாய்திறக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் இக்கருவியின் தேவை புரியும். வைரஸ் திருட்டுத்தனமாக நுழைகிறது. விளம்பர மென்பொருள் பெரும்பாலும் நம்மிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் நுழைகிறது. இலவச வீடியோ பிளேயர் ஒன்றையோ கோப்பு மாற்றி ஒன்றையோ நிறுவும்போது, முன்கூட்டியே டிக் போடப்பட்ட ஒரு பெட்டியையும் படிக்காமல் தாண்டிய ஓர் ஒப்பந்தத்தையும் காட்டி, ‘நீங்கள்தானே சம்மதித்தீர்கள்’ என்று அதைச் செய்தவர்களால் வாதிட முடிகிறது. இதற்குப் பின்னால் ஒரு முழுச் சந்தை இயங்குகிறது. ஒவ்வொரு நிறுவலுக்கும் இவ்வளவு என்று பணம் கொடுத்து, பிறர் மென்பொருளோடு தம் நிரலை ஒட்டி அனுப்பும் இடைத்தரகு வலைகள் பற்றி கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட பதிவிறக்க முயற்சிகளை அவை தூண்டுகின்றன என்றும், இது வைரஸ் போன்ற தீநிரல்களின் அளவைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்றும் கணக்கிட்டது. உள்ளே வந்தபின் தேடல்களைத் திசைதிருப்பிப் பெறும் பங்குத்தொகையும், பிறர் பக்கங்களில் செருகும் விளம்பரங்களின் வருவாயும் அந்த முதலீட்டை ஈடுகட்டிவிடுகின்றன. சட்டத்தின் ஓரத்தில் நிற்கும் இவற்றைத் தீநிரல் என்று சொல்லத் தயங்கும் பாதுகாப்பு நிறுவனங்கள் ‘வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்ற நீளமான பெயரைச் சூட்டியிருக்கின்றன. அந்தப் பெயரிலேயே ஒரு வழக்கறிஞரின் கைவண்ணம் தெரிகிறது.

இத்தகைய நிரல் ஓரிடத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. கண்ட்ரோல் பேனலில் அதன் பெயரைக் கண்டு நீக்கினாலும், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை விட்டுச்செல்லும், மறுநாள் அந்த வேலை விழித்துக்கொண்டு நிரலை மீண்டும் இறக்கிவைக்கும். டெஸ்க்டாப்பில் உள்ள உலாவியின் ஷார்ட்கட்டைத் திருத்தி, உலாவியின் பெயருக்குப் பின்னால் தன் தள முகவரியைச் சேர்த்துவைக்கும். உலாவியைத் திறக்கும்போதெல்லாம் அந்த முகவரி வருவதால், அமைப்புகளில் முகப்புப் பக்கத்தை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உலாவிக்கான கொள்கை விதிகளை எழுதிவைத்து, ‘உங்கள் உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வாசகத்தை வீட்டுக் கணினியிலும் தோன்றச் செய்யும். அந்த விதி இருக்கும்வரை உலாவியில் அது சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்ற துணைநிரலை நீக்கும் பொத்தான் மங்கியே கிடக்கும். இந்த மூலைமுடுக்குகளையெல்லாம் ஒருவர் கையால் தேடிப் பெருக்கலாம், நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும், அப்போதும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும்.

ஆட்வ்கிளீனர் இந்த வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கிறது. ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் கோப்புறைகள், சேவைகள், திட்டமிட்ட வேலைகள், ஷார்ட்கட்டுகள், ரெஜிஸ்ட்ரி, உலாவிகள் எனத் தனக்குத் தெரிந்த மறைவிடங்களை மட்டும் குறிவைத்துத் தேடிப் பட்டியலிடுகிறது. முழு வட்டையும் ஒவ்வொரு கோப்பாகப் புரட்டுவதில்லை என்பதே அதன் வேகத்துக்குக் காரணம். தொடர்ந்தால், திறந்திருக்கும் நிரல்கள் எல்லாவற்றையும் மூடப்போவதாகச் சொல்லும். இதைப் பொருட்படுத்தாமல் சரி என்று அழுத்திவிட்டால், சேமிக்காத கடிதம் போனது போனதுதான். கண்டெடுத்தவற்றை அது உடனே அழிக்காமல் தனிமைப்படுத்தி வைக்கிறது, தவறாகப் பிடிபட்ட ஒன்றைப் பின்னர் மீட்டுக்கொள்ளலாம். கணினி மறுபடி தொடங்கியதும், என்னென்ன எங்கிருந்து அகற்றப்பட்டன என்ற பதிவேட்டை சி டிரைவில் தன் பெயரிலுள்ள கோப்புறையில் எழுதிவைக்கிறது. பெரும்பாலோர் இந்தப் பதிவேட்டைத் திறந்தே பார்ப்பதில்லை. நோய் எந்த வழியாக வந்தது என்பதற்கான சாட்சியம் அதில்தான் இருக்கிறது: எந்த இலவச மென்பொருளின் பெயரையொட்டிய கோப்புறைகள் அகற்றப்பட்டிருக்கின்றனவோ அதுவே பெரும்பாலும் வழிகாட்டியாக வந்த குற்றவாளி.

எது வேண்டாத நிரல் என்பது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை வழங்குவது ஒரு வணிக நிறுவனம் என்பதைப் பயன்படுத்துபவர் மறக்கக்கூடாது. மால்வேர்பைட்ஸ் 2016இல் தன் அளவுகோல்களை மாற்றி, போட்டி நிறுவனமான எனிக்மா சாஃப்ட்வேரின் நிரல்களை இந்த வகையில் சேர்த்தபோது, எனிக்மா வழக்குத் தொடுத்தது. போட்டியாளரை முடக்கும் நோக்கத்தோடு ஒரு நிரலைத் தடுத்ததாகக் குற்றச்சாட்டு இருக்கும்போது, தடுப்பு மென்பொருளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு தானாகப் பொருந்திவிடாது என்று அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் கூறியது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் கவலையன்று. பட்டியலில் வந்த எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அகற்றாமல், தெரிந்தே பயன்படுத்தும் மென்பொருள் ஏதேனும் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த வழக்கு நல்ல நினைவூட்டல்.

கணினியோடு சேர்ந்தே வந்த மென்பொருள்களை இக்கருவி தனிப் பக்கத்தில் காட்டுகிறது. அவை தீங்கானவை என்று அது சொல்வதில்லை, வேண்டாம் என்று தோன்றினால் நீக்கிக்கொள்ளலாம் என்கிறது. இந்தப் பணிவான நடை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தொழிற்சாலையிலிருந்தே வந்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவாவின் சில மடிக்கணினிகளில் முன்னதாகவே நிறுவப்பட்டு வந்த சூப்பர்ஃபிஷ், பூட்டுச் சின்னத்துடன் பாதுகாக்கப்பட்ட பக்கங்களிலும் விளம்பரம் செருகுவதற்காகத் எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினி முடிவுசெய்ய அடிப்படையாகும் வேர்ச் சான்றிதழ் ஒன்றைத் தன் சொந்தப் பெயரில் விண்டோஸில் பதித்துவைத்தது. எல்லாக் கணினிகளிலும் அந்தச் சான்றிதழுக்கு ஒரே ரகசியத் திறவுகோல் இருந்ததாலும், அதன் கடவுச்சொல் 2015 பிப்ரவரியில் வெளிப்பட்டுவிட்டதாலும், வங்கித் தளம் போல நடிக்க விரும்பும் எவருக்கும் வழி திறந்துவிட்டது. நிரலை நீக்கியபின்னும் சான்றிதழ் அங்கேயே தங்கியிருந்தது என்பதுதான் அதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய செய்தி.

அடிப்படைச் சீரமைப்பு என்ற பகுதியில் பிராக்ஸி (இணையத்துக்குப் போகும் இடைவழி), வின்சாக் (விண்டோஸின் இணைய இணைப்பு அமைப்பு), ஹோஸ்ட்ஸ் கோப்பு (தளப் பெயர்களுக்கான முகவரிகளைக் குறித்துவைக்கும் கோப்பு), உலாவிக் கொள்கைகள் ஆகியவற்றைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் தெரிவுகள் இருக்கின்றன. விளம்பர நிரலை அகற்றியபின் இணையமே வராமல் போனால் இவை கைகொடுக்கும், ஏனென்றால் அகற்றப்பட்ட நிரலின் வழியாகவே போகும்படி பிராக்ஸி இன்னும் அமைந்திருக்கும். அலுவலகக் கணினியில் மட்டும் இவற்றைத் தொடாதீர்கள். அங்கே பிராக்ஸியும் கொள்கை விதிகளும் உண்மையாகவே நிறுவனம் வைத்தவையாக இருக்கும்.

அந்த மடிக்கணினியில் ஒரு ஸ்கேன் முடிந்து மறுதொடக்கம் ஆனதும் செருகப்பட்ட விளம்பரங்கள் மறைந்தன, தேடுபொறியும் பழையபடி வந்தது. ஆனால் மூலையில் எழும் எச்சரிக்கை மட்டும் நிற்கவில்லை. காரணம், அதை அனுப்பியது கணினியில் நிறுவப்பட்ட நிரல் அன்று. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று ஏதோ ஒரு தளம் கேட்டபோது கொடுக்கப்பட்ட அறிவிப்பு அனுமதிதான் அது. அன்றுமுதல் உலாவியே அந்தத் தளத்தின் தூதனாகி, விண்டோஸின் சொந்த அறிவிப்பு போலவே தோற்றமளிக்கும் பெட்டியில் அதன் விளம்பரத்தைக் காட்டிவந்தது. உலாவியின் அமைப்புகளில் தள அனுமதிகளுக்குள் அறிவிப்புகள் என்ற பகுதியைத் திறந்து, அங்கே அமர்ந்திருந்த அறிமுகமற்ற முகவரிகளை ஒவ்வொன்றாக நீக்கியதும் அமைதி திரும்பியது. வைரஸ் என்று அஞ்சி என்னிடம் வரும் கணினிகளில் பல இந்த ஓர் அனுமதியால் மட்டுமே அவதிப்படுகின்றன, ஆகவே ஸ்கேனுக்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. குரோம் போன்ற உலாவிகள் எக்ஸ்டென்ஷன்களையும் அமைப்புகளையும் பயனரின் கணக்கோடு இணைத்துச் சேமித்துவைக்கின்றன. கருவி வட்டிலிருந்து அகற்றிய அதே எக்ஸ்டென்ஷன், உலாவி மீண்டும் கணக்கில் இணைந்ததும் இணையத்திலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘எத்தனை முறை நீக்கினாலும் திரும்ப வருகிறது’ என்று ஆட்வ்கிளீனரைக் குறைசொல்பவர்களில் பலர் இந்த வளையத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள். முதலில் ஒத்திசைவு எனப்படும் இந்தக் கணக்கு இணைப்பை நிறுத்தி, கணக்கில் சேமிக்கப்பட்ட ஒத்திசைவுத் தரவை அழித்து, அதன் பிறகு ஸ்கேன் செய்து, எல்லாம் சீரானபின் ஒத்திசைவைத் திரும்ப இயக்க வேண்டும். இந்த வரிசையைக் கருவியே திரையில் சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும். சொல்லாதது இதன் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

தொடர்காவல் தராதது இரண்டாவது வரம்பு, ஆனால் அதை நான் குறையாகக் கொள்ளவில்லை. அந்தப் பணிக்கு விண்டோஸிலேயே ஒரு வசதி இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் செயலி மற்றும் உலாவிக் கட்டுப்பாடு என்ற பகுதிக்குள், நற்பெயர் அடிப்படையிலான பாதுகாப்பின் கீழ், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் சுவிட்ச் ஒன்று விண்டோஸ் 10இன் 2020 மே மாதப் பதிப்பிலிருந்து கிடைக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாகவே இயங்கும்படி வைக்கத் தொடங்கியது. பழைய கணினிகளில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குரோம் தனக்குள் வைத்திருந்த துப்புரவுக் கருவியை கூகுள் 2023இல் நிறுத்திவிட்டதால், தனியாக ஒரு கருவியை வைத்துக்கொள்ளும் தேவை சற்றுக் கூடியே இருக்கிறது.

கருவியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். இதன் பெயரைத் திருடிய போலிகள் உலவியிருக்கின்றன. ஸ்கேன் முடிந்து ‘நீக்கப் பணம் கட்டுங்கள்’ என்று எது கேட்கிறதோ அது ஆட்வ்கிளீனர் அன்று. தேடல் முடிவுகளின் தலையில் வரும் விளம்பர இணைப்பைத் தவிர்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். பழைய பிரதியைப் பென்டிரைவில் சேமித்துவைத்துப் பயன்படுத்துவதும் நல்லதன்று. வேண்டாத நிரல்களை அடையாளம் காண உதவும் தரவுகள் பழையனவாக இருப்பது ஒரு பக்கம் இருக்க, 8.0.1 பதிப்புக்கு முந்தையவற்றில், தீய டிஎல்எல் கோப்பு (நிரல்கள் இயங்கும்போது துணைக்கு ஏற்றிக்கொள்ளும் கோப்பு) ஒன்றைக் கருவியே உயர் அதிகாரத்துடன் ஏற்றிவிடக்கூடிய ஓர் ஓட்டை இருந்தது. கண்டதையும் இறக்கிக் குவித்திருக்கும் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து இயக்காமல், ஒரு வெற்றுக் கோப்புறையில் வைத்து இயக்குவது என் வழக்கம்.

மீண்டும் வராமல் தடுப்பதில் இக்கருவிக்குப் பங்கில்லை, அது முழுக்க நம் வாசலின் காவல். நிறுவும்போது ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்பதைவிட ‘தனிப்பயன்’ என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் மறைந்திருக்கும் டிக்குகள் வெளியே தெரியும். விண்டோஸ் 11இல் இருக்கும் விங்கெட் கட்டளை வழியாகப் பொதுவான மென்பொருள்களை நிறுவினால், பதிவிறக்கத் தளங்கள் தம் சொந்த உறையில் சுற்றித் தரும் நிறுவிகளின் பக்கமே போக வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் இன்னும் கடுமை தேவை. ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி பெற்ற ஒன்று இன்று நல்லதாக இருந்து நாளை கைமாறலாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற புகழ்பெற்ற குரோம் எக்ஸ்டென்ஷன் 2020இல் வேறொருவர் கைக்குப் போனது, 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கானது என்று முடக்க நேர்ந்தது. அதை நிறுவியிருந்தவர்கள் புதிதாக எந்தத் தவறும் செய்திருக்கவில்லை.

அந்த மடிக்கணினியில் கடைசியாகச் செய்தது இதுதான்: பதிவேட்டில் கண்ட கோப்பு மாற்றியின் பெயரை உறவினரிடம் காட்டினேன். அதே மென்பொருளின் நிறுவி இன்னும் பதிவிறக்கக் கோப்புறையில், ஒரே பெயரில் மூன்று பிரதிகளாகக் கிடந்தது. மூன்றையும் அழித்துவிட்டு, ஆட்வ்கிளீனரையும் அழித்தேன்.