எங்கள் ஊர் நகராட்சிக் காவலர் சேவை

பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் உள்ள எங்கள் சிறு நகரத்தின் தைப்பூசக் காவடி ஊர்வலத்திற்கு நகராட்சிக் காவலர்கள் இவ்வாண்டு அளித்த பாதுகாப்பு எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை, வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு காவடி சுமந்து வருபவர்கள் ஓரிடத்திலும் வண்டிகளுக்காக நிற்க நேராதபடி, காவலர்கள் குறுக்குத் தெருக்களை ஒவ்வொன்றாக அடைத்து, ஊர்வலம் கடந்த உடனே திறந்துவிட்டார்கள். அலகு குத்தியிருந்த ஓர் இளைஞர் தளர்ந்தபோது, பெண் காவலர் ஒருவர் கூட்டத்தை விலக்கி அவருக்கு நிழலில் இடம் செய்து கொடுத்தார். அந்தக் கனிவை நான் மறக்க மாட்டேன்.

அவர்களுடைய அலுவலகச் சேவையை அந்த அளவுக்குப் பாராட்ட இயலவில்லை. வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிச் சொல்லச் சென்ற என்னை நெடுநேரம் காக்க வைத்த பிறகே, புகாரைத் தேசியக் காவல் நிலையத்திலோ, படைத்துறையைச் சேர்ந்த காவல் பிரிவான ழாந்தார்மெரியிலோதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது சரியான பதில்தான். நகராட்சிக் காவலர்கள் மேயரின் அதிகாரத்திற்கு உட்பட்டவர்கள். அவர்களுடைய பணிகளை 1999 ஏப்ரல் 15ஆம் நாளைய பிரெஞ்சுச் சட்டம் ஒழுங்குபடுத்தியது. வாகன நிறுத்தம், இரைச்சல், பொது அமைதி, மேயரின் ஆணைகள் ஆகியவற்றைக் கவனிப்பது அவர்கள் பொறுப்பு. குற்றப் புலனாய்வு அவர்களுடையதன்று. இதையும், அவசரத்திற்கு 17ஆம் எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் வாசலிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்தால், பேருந்து பிடித்து வரும் முதியவர்கள் வீணாக அலைய மாட்டார்கள்.